ஒஹாயோ ஏன் பேச்சிலிருந்து போனது, பென்சில்வேனியா ஏன் வந்தது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஒஹாயோவை ஜெயிக்கிறவர்தான் அமெரிக்க அதிபர் என்று முன்பு சொன்னார்கள். இப்போது பென்சில்வேனியா, விஸ்கான்சின் என்கிறார்கள். ஸ்விங், பெல்வெதர், டிப்பிங் பாயிண்ட் எல்லாம் ஒன்றுதானா? எந்த மாகாணம் முடிவைத் தீர்மானிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முடிந்துபோன தேர்தலில் எந்த மாகாணம் வெற்றியைக் கொடுத்தது என்பது ஒன்று. அது வெறும் கூட்டல் கழித்தல். தாளும் பேனாவும் போதும். வரப்போகும் தேர்தலில் எந்த மாகாணம் கொடுக்கும் என்பது இன்னொன்று. அதற்கு நிகழ்தகவாக மட்டுமே பதில் சொல்ல முடியும். முதல் கேள்வியின் உறுதியை இரண்டாவதற்கும் கொடுத்துவிடுவதால்தான் தொலைக்காட்சி விவாதங்களில் இவ்வளவு குழப்பம்.

முதலில் சொற்களைப் பிரித்துவிடுவோம். இரு கட்சிக்கும் வாய்ப்பிருக்கும், நூலிழையில் முடியக்கூடிய மாகாணம் ஸ்விங் மாகாணம். ஆண்டுக்கணக்கில் வென்றவருக்கே வாக்களித்து வந்த மாகாணம் பெல்வெதர். மந்தைக்கு முன்னே நடக்கவிடும், கழுத்தில் மணி கட்டிய செம்மறிக் கடாவுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. மணிச் சத்தத்தை வைத்து மந்தை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வார்கள். டிப்பிங் பாயிண்ட் என்பது இவற்றைப் போல ஒரு மாகாணத்தின் குணம் அல்ல, வரிசையில் அதற்குக் கிடைக்கும் இடம். வென்றவருக்கு மிகச் சாதகமான மாகாணத்தில் தொடங்கி, சாதகம் குறையக் குறைய வரிசையாக அடுக்கி, தேர்வாளர் வாக்குகளை (மாகாணத்துக்கு மாகாணம் ஒதுக்கப்பட்டு, பெரும்பாலும் அங்கே வென்றவருக்கே மொத்தமாகப் போகும் வாக்குகள்) கூட்டிக்கொண்டே வந்தால், எந்த மாகாணத்தில் கூட்டுத்தொகை 270-ஐத் தொடுகிறதோ அதுதான் டிப்பிங் பாயிண்ட். மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகள், பெரும்பான்மைக்கு 270.

கணக்கைப் பின்பக்கத்திலிருந்து போடுவது எளிது. வென்றவரின் மொத்தத்தை எடுத்துக்கொண்டு, அவர் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்த மாகாணத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழியுங்கள். 2024-ஐ எடுத்துக்கொள்வோம். குடியரசுக் கட்சியின் டிரம்ப் 312, ஜனநாயகக் கட்சியின் ஹாரிஸ் 226. டிரம்ப் மிக நெருக்கமாக வென்றது விஸ்கான்சினில், 0.86 சதவீதப் புள்ளியில். அதன் 10-ஐக் கழித்தால் 302. அடுத்தது மிச்சிகன், 1.4 புள்ளி; 15 போனால் 287. அடுத்தது பென்சில்வேனியா, 1.7 புள்ளி, 19 போனால் 268. பெரும்பான்மை அங்கே உடைகிறது, ஆகவே 2024-இன் டிப்பிங் பாயிண்ட் பென்சில்வேனியா. மறுபக்கத்திலிருந்து சரிபார்த்துவிடுங்கள்: ஹாரிஸின் 226-உடன் 10, 15, 19 சேர்த்தால் சரியாக 270. இரண்டு பக்கமும் ஒரே மாகாணத்தில் வந்து நின்றால் விடையில் சந்தேகமே இல்லை.

இந்தக் கணக்கில் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம், சதவீதத்துக்குப் பதிலாக வாக்கு எண்ணிக்கையை வைத்து அடுக்குவது. 2024-இல் ஜார்ஜியாவின் வித்தியாசம் 1,15,100 வாக்குகள், பென்சில்வேனியாவின் வித்தியாசம் 1,20,266. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஜார்ஜியாதான் நெருக்கமான போட்டி என்று தோன்றும். ஸ்விங் மாகாணங்களை மட்டும் அந்த வரிசையில் விஸ்கான்சின், நெவாடா, மிச்சிகன், ஜார்ஜியா என்று கழித்துப் பாருங்கள்: 312-இலிருந்து 10, 6, 15, 16 போனால் 265. ஜார்ஜியாதான் டிப்பிங் பாயிண்ட் என்று தவறான விடை வந்துவிடும். ஜார்ஜியாவில் வித்தியாசம் 2.2 புள்ளி, நெவாடாவில் 3.1 புள்ளி, இரண்டுமே பென்சில்வேனியாவைவிட எட்டத்தில் இருந்தவை. நாடு முழுவதும் காற்று ஒரே பக்கமாகக் கொஞ்சம் திரும்பியிருந்தால் எது முதலில் சாய்ந்திருக்கும் என்பதுதான் இங்கே கேள்வி. காற்றைச் சதவீதத்தில்தான் அளக்க முடியும். சிறிய மாகாணத்தில் வாக்கு எண்ணிக்கை குறைவாக இருப்பது ஆள் குறைவு என்பதைத்தான் காட்டுகிறது, போட்டி நெருக்கம் என்பதை அல்ல.

மெய்ன், நெப்ராஸ்கா இரண்டையும் ஒரே துண்டாக வைக்கக் கூடாது. அங்கே மாகாணம் முழுவதையும் வென்றவருக்கு 2 தேர்வாளர் வாக்குகள். மிச்சம் ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதிக்கும் தனித்தனியாக ஒன்று. மெய்னில் இரண்டு தொகுதிகள், நெப்ராஸ்காவில் மூன்று. பட்டியலில் இவற்றைத் தனித்தனி வரியாகப் போடுங்கள். வாஷிங்டன் டி.சி.யின் 3 வாக்குகளையும் மறக்க வேண்டாம். வித்தியாசத்தை மொத்த வாக்குகளுக்கு எதிராக எடுப்பதா, இரண்டு பெரிய கட்சிகளின் வாக்குகளுக்கு மட்டும் எதிராக எடுப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். தேர்தல் இரவு எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். மாகாணம் சான்றளித்த இறுதி எண்கள் வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. இரண்டு மாகாணங்கள் ஒட்டி நிற்கும்போது கடைசியில் எண்ணப்படும் தபால் வாக்குகளே வரிசையை மாற்றிவிடும்.

அப்படி ஒட்டி நின்றதற்கு 2016 நல்ல உதாரணம். பென்சில்வேனியாவில் டிரம்ப் 0.72 புள்ளியில் ஜெயித்தார், விஸ்கான்சினில் 0.77. மாகாணங்கள் கொடுத்த கணக்குப்படி அவருக்கு 306. மிச்சிகனின் அன்றைய 16-ஐயும் பென்சில்வேனியாவின் அன்றைய 20-ஐயும் கழித்தால் சரியாக 270 நிற்கிறது. விஸ்கான்சினையும் எடுத்தால்தான் உடைகிறது. ஆனால் டெக்சாஸின் இரண்டு தேர்வாளர்கள் வாக்கு மாற்றிப் போட்டதால் அவருக்கு உண்மையில் விழுந்தது 304. அதை வைத்துக் கழித்தால் பென்சில்வேனியாவிலேயே 268-க்கு இறங்கிவிடுகிறது. அதனால் 2016-க்கு ஒருவர் விஸ்கான்சின் என்றும் இன்னொருவர் பென்சில்வேனியா என்றும் எழுதியிருந்தால் இரண்டு பேரையும் தப்பு என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் விஸ்கான்சின் என்பேன். வாக்காளர்கள் செய்த தீர்ப்பைத்தான் அளக்கிறோம், தனிமனிதர் இருவர் வாக்கு மாற்றிப் போட்டதை அல்ல.

2020-இல் சிக்கல் வேறு மாதிரி. பைடன் 306. ஜார்ஜியா (0.24 புள்ளி, 11,779 வாக்கு), அரிசோனா (0.31 புள்ளி, 10,457 வாக்கு), விஸ்கான்சின் (0.63 புள்ளி, 20,682 வாக்கு) மூன்றையும் கழித்தால் 269. எதிரே டிரம்புக்கும் 269. யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்றால் அதிபரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும். அங்கே உறுப்பினருக்கு ஒரு வாக்கு இல்லை, மாகாணத்துக்கு ஒரு வாக்கு. ஆக, பைடன் 270-ஐத் தொட்டது விஸ்கான்சினில்; டிரம்ப் 270-ஐத் தொட வேண்டுமானால் பென்சில்வேனியாவும் வேண்டும். மாகாண வாரியாகப் பார்த்தால் சபையில் குடியரசுக் கட்சியின் கைதான் ஓங்கியிருந்தது, எனவே சமநிலை டிரம்புக்குத்தான் உதவியிருக்கும் என்று கருதி, பெரும்பாலானோர் விஸ்கான்சினையே 2020-இன் டிப்பிங் பாயிண்ட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மூன்று மாகாண வித்தியாசத்தையும் கூட்டினால் 42,918 வாக்குகள். நாடு முழுவதும் பைடன் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்த தேர்தலில் இந்த நிலை.

தேர்தல் இரவில் எந்த மாகாணத்தின் அறிவிப்போடு ஒருவர் 270-ஐத் தாண்டுகிறாரோ அதையே டிப்பிங் பாயிண்ட் என்று எழுதிவிடுகிறார்கள். அது எண்ணும் வேகத்தின் வரிசை, ஆதரவின் வரிசை அல்ல. 2020-இல் பைடன் வென்றார் என்ற அறிவிப்பு, வாக்குப்பதிவு முடிந்து நான்காம் நாள், பென்சில்வேனியாவோடு வந்தது. கணக்குப்படி டிப்பிங் பாயிண்ட் விஸ்கான்சின். 2024-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விஸ்கான்சினை அறிவித்தபோதுதான் டிரம்ப் 270-ஐத் தாண்டினார். கணக்குப்படி டிப்பிங் பாயிண்ட் பென்சில்வேனியா. இரண்டு தேர்தலிலும் இரண்டு மாகாணங்கள் அப்படியே இடம் மாறி நிற்கின்றன. பென்சில்வேனியாவில் தபால் வாக்குகளின் உறையைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் பிரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, அதனால் எண்ணிக்கை இழுக்கிறது. ஃபுளோரிடா முன்கூட்டியே அந்த வேலையை முடித்து வைத்துவிடுவதால் அன்றிரவே முடிவு தெரிந்துவிடுகிறது.

டிப்பிங் பாயிண்டைக் கண்டுபிடிப்பதன் உண்மையான பயன் என்ன? அந்த மாகாணத்தின் வித்தியாசத்தை நாடு தழுவிய வித்தியாசத்தோடு ஒப்பிட்டால், தேர்வாளர் முறை அந்த ஆண்டு எந்தக் கட்சிக்கு எவ்வளவு கைகொடுத்தது என்பது தெரிந்துவிடும். 2008-இலும் 2012-இலும் டிப்பிங் பாயிண்ட் கொலராடோ. 2012-இல் ஒபாமா நாடு முழுவதும் 3.9 புள்ளியிலும் கொலராடோவில் 5.4 புள்ளியிலும் ஜெயித்தார். அதாவது இந்த முறை ஜனநாயகக் கட்சிக்கு ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி சாதகமாக இருந்தது. 2016-இல் ஹிலாரி கிளின்டனுக்கு நாடு முழுவதும் 2.1 புள்ளி கூடுதல், விஸ்கான்சினில் டிரம்புக்கு 0.77 கூடுதல், குடியரசுக் கட்சிக்கு 2.9 புள்ளி சாதகம். 2020-இல் அது 3.8 ஆனது. 2024-இல் நாடு தழுவிய வித்தியாசம் 1.5, பென்சில்வேனியாவில் 1.7, சாதகம் 0.2-க்குச் சுருங்கிவிட்டது. தேர்வாளர் முறை என்றைக்கும் ஒரு கட்சிக்கே சாதகம் என்று சொல்பவர்கள் இந்த நான்கு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சாதகம் பக்கம் மாறியிருக்கிறது, பெருத்திருக்கிறது, கிட்டத்தட்டக் காணாமலும் போயிருக்கிறது.

இனி ஒஹாயோ. 1964 முதல் 2016 வரை 14 தேர்தல்களில் ஒஹாயோ ஒருமுறைகூடத் தவறாமல் வென்றவருக்கே வாக்களித்தது. 2004-இல் அது பெல்வெதர் மட்டுமல்ல, டிப்பிங் பாயிண்டும் அதுவேதான்: புஷ் அங்கே 1,18,601 வாக்கில், 2.1 புள்ளியில் ஜெயித்தார், நாடு முழுவதும் 2.5 புள்ளி. நாட்டின் சராசரியோடு அவ்வளவு ஒட்டி நின்றது. 2012-இலும் சராசரியிலிருந்து ஒரு புள்ளிக்குள்தான் விலகல். 2016-இல் டிரம்ப் அங்கே 8.1 புள்ளியில் ஜெயித்தார், ஆனால் நாடு தழுவிய வாக்கில் 2.1 புள்ளி பின்தங்கினார். விலகல் 10 புள்ளிக்கு மேல்! கல்லூரிப் பட்டம் பெறாத வெள்ளையர் அதிகமுள்ள மாகாணம் அது. அந்த வாக்காளர்கள் கூட்டமாகக் குடியரசுக் கட்சிப் பக்கம் போனது இதற்குப் பெரிய காரணம். ஆனால் வென்றவருக்குத்தானே வாக்களித்தது என்பதால் 2016-க்குப் பிறகும் பெல்வெதர் பட்டம் அப்படியே இருந்தது. 2020-இல் டிரம்ப் அங்கே மறுபடி 8 புள்ளியில் ஜெயித்துத் தேர்தலில் தோற்றபோதுதான் பட்டம் போனது. உண்மையில் அது நான்கு ஆண்டுகளுக்கு முன்பே போயிருந்தது. வென்றாரா தோற்றாரா என்ற ஒற்றைக் குறியை மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை, விலகலை அளந்தவர்களுக்குத் தெரிந்தது. ஒரு மாகாணம் நாட்டின் கண்ணாடியா என்று பார்க்க வேண்டுமானால் இந்த விலகலைத்தான் தேர்தலுக்குத் தேர்தல் எழுதிவைக்க வேண்டும்.

நீண்ட பெல்வெதர் சாதனைகளில் தற்செயலின் பங்கு பெரிது. ஒரு மாகாணம் ஒவ்வொரு தேர்தலிலும் வென்றவர் பக்கம் நிற்க 85 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 14 முறை தொடர்ந்து அப்படி நிற்க வாய்ப்பு சுமார் 10 சதவீதம். அப்படிப்பட்ட மாகாணங்கள் பத்து இருந்தால் ஒன்றாவது தவறாத சாதனையோடு வெளியே வருவது எதிர்பார்க்கக்கூடியதுதான். அந்த ஒன்றுக்கு மட்டும் பட்டம் சூட்டுகிறோம், மிச்சத்தை மறந்துவிடுகிறோம். மிசௌரி 1904 முதல் 2004 வரை 26 தேர்தல்களில் 1956-இல் மட்டுமே தவறியது. 2008-இல் மெக்கெய்னுக்கு 3,903 வாக்கு கூடுதலாகப் போட்டுத் தவறியது. 2012-இல் ராம்னி பக்கம் நின்று மறுபடி தவறியது, இன்று குடியரசுக் கட்சியின் கோட்டை. நெவாடா 1912-க்குப் பிறகு 1976, 2016 இரண்டு முறை மட்டுமே தவறியிருக்கிறது. ஆனாலும் 6 வாக்குள்ள அந்த மாகாணம் முடிவைத் தீர்மானித்ததாகச் சொல்ல முடியாது.

கவுண்டி (மாகாணத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) அளவில் இந்த மயக்கம் இன்னும் மோசம். 1980 முதல் 2016 வரை பத்து தேர்தல்களிலும் வென்றவர் பக்கமே நின்ற கவுண்டிகள் 19 இருந்தன. 2020-இல் அவற்றில் 18 டிரம்புக்குப் போயின. வாஷிங்டன் மாகாணத்தின் கிளாலம் கவுண்டி மட்டும் பைடனுக்கு வாக்களித்தது. பெல்வெதர் கவுண்டிகள் எல்லாம் தவறுமா, அப்படியானால் தேர்தலில் மோசடி என்று அப்போது பலர் எழுதினார்கள். அது மோசடிக்குச் சான்று ஆகாது. அமெரிக்காவில் கவுண்டிகள் 3,100-க்கும் மேல். ஒவ்வொன்றும் நாணயம் சுண்டி வாக்களித்தாலும் பத்து முறை தவறாமல் சரியாக வருவது சராசரியாக மூன்று கவுண்டிகள் இருக்கும். அந்த 19-இல் பெரும்பாலானவை வெள்ளையர் அதிகமுள்ள, பட்டதாரிகள் குறைவான சிறிய கவுண்டிகள். 2016-இலேயே டிரம்ப் பக்கம் நன்றாகச் சாய்ந்துவிட்டவை. இண்டியானாவின் வீகோ கவுண்டியைப் பாருங்கள்: 1888 முதல் 2016 வரை இரண்டே முறை தவறியது, ஆனால் 2016-இல் அங்கே டிரம்பின் வித்தியாசம் சுமார் 15 புள்ளி. ஒஹாயோவின் கதையேதான். மிஞ்சிய கிளாலமும் 2024-இல் ஹாரிஸுக்கு வாக்களித்துத் தவறிவிட்டது.

அப்படியானால் வரும் தேர்தலுக்கு எப்படிக் கணிக்கிறார்கள்? கருத்துக்கணிப்புகளையும் பழைய முடிவுகளையும் வைத்து ஒவ்வொரு மாகாணத்துக்கும் எதிர்பார்க்கும் வித்தியாசத்தையும், அதில் எவ்வளவு பிழை வரலாம் என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு கணினியில் தேர்தலைப் பல்லாயிரம் முறை நடத்திப் பார்த்து, ஒவ்வொரு முறையும் மேலே சொன்ன கழித்தலைச் செய்து, 270 எங்கே உடைந்தது என்று பதிவு செய்கிறார்கள். நூறில் இருபது முறை பென்சில்வேனியாவில் உடைந்தால் அதன் டிப்பிங் பாயிண்ட் நிகழ்தகவு 20 சதவீதம். இந்த முறையைப் பொதுமக்களிடையே பரப்பியதில் தேர்தல் கணிப்பாளர் நேட் சில்வருக்கும் அவர் தொடங்கிய ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளத்துக்கும் பெரிய பங்கு உண்டு. இதில் உயிர்நாடியான இடம் ஒன்று: மாகாணங்களின் பிழைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. விஸ்கான்சினில் கணிப்பு 4 புள்ளி தவறினால் மிச்சிகனிலும் பென்சில்வேனியாவிலும் அதே பக்கம் தவறத்தான் வாய்ப்பு அதிகம். 1992 முதல் 2024 வரை ஒன்பது தேர்தல்களிலும் இந்த மூன்றும் ஒரே பக்கம் வாக்களித்திருக்கின்றன. இந்தப் பிணைப்பைக் குறைத்து மதிப்பிட்ட கணினிக் கணிப்புகள்தான் 2016-இல் கிளின்டனுக்கு 99 சதவீதம் என்று சொல்லி ஏமாந்தன.

கணிப்புகளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 800 பேரிடம் எடுத்த கணிப்பில் ஒரு வேட்பாளரின் ஆதரவுக்குப் பிழை எல்லை ஏறத்தாழ 3.5 புள்ளி, இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. அது மாதிரி எடுப்பதில் வரும் பிழை மட்டுமே. 2016-இல் பல மாகாணக் கணிப்புகள் கல்வித் தகுதியைச் சரிக்கட்டாமல் விட்டதால் பட்டதாரிகளின் குரல் கூடிப்போனது. இது ஓரளவு உறுதியாகத் தெரிந்த காரணம். 2020-இல் கல்வியைச் சரிக்கட்டிய பிறகும் விஸ்கான்சினில் பைடனுக்கு 8 புள்ளி என்ற சராசரி 0.63-இல் வந்து முடிந்தது. அதற்கு ஒரே காரணம் இதுதான் என்று கணிப்பாளர் சங்கத்தின் ஆய்வுக் குழுவாலேயே அறுதியிட முடியவில்லை. டிரம்ப் ஆதரவாளர்கள் கணிப்புகளுக்குப் பதில் சொல்வதே குறைவு என்பது வலுவான ஊகம்.

2028-க்கு மாகாணங்களின் தேர்வாளர் எண்ணிக்கை 2024-இல் இருந்ததேதான். அரிசோனா, ஜார்ஜியா, மிச்சிகன், நெவாடா, வட கரோலினா, பென்சில்வேனியா, விஸ்கான்சின் ஏழையும் ஒதுக்கி வைத்தால், 2024 முடிவுப்படி ஜனநாயகக் கட்சிக்கு 226, குடியரசுக் கட்சிக்கு 219, நடுவில் 93. இந்த ஏழில் பெரியது 19 வாக்குள்ள பென்சில்வேனியா. நாட்டின் சராசரிக்கு ஒட்டியும் நிற்கிறது. இரண்டும் சேர்வதால் இன்றைய நிலையில் டிப்பிங் பாயிண்ட் ஆக அதிக வாய்ப்பு அதற்குத்தான். அதிக வாய்ப்பு என்றாலும் பாதிக்கும் கீழேதான், மற்ற ஆறில் எங்கேயாவது உடையும் வாய்ப்பு மொத்தமாகப் பார்த்தால் அதைவிடப் பெரிது. இதில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு வாக்கு உண்டு. அந்த 226-க்குள் ஒமாஹா நகரம் இருக்கும் நெப்ராஸ்காவின் இரண்டாம் தொகுதியும் அடக்கம். மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் மூன்றை மட்டும் மீட்டால் ஜனநாயகக் கட்சி சரியாக 270-இல் நிற்கும். அந்த ஒற்றைத் தொகுதி கைவிட்டுப் போனால் 269. 2024 செப்டம்பரில் நெப்ராஸ்காவின் தொகுதி முறையையே ஒழிக்க ஒரு முயற்சி நடந்து, போதிய ஆதரவு கிடைக்காமல் நின்றது. 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு 2032-இல் எண்ணிக்கைகள் மாறும். டெக்சாஸ், ஃபுளோரிடாவுக்குக் கூடும், கலிஃபோர்னியாவுக்கும் நியூயார்க்குக்கும் குறையும் என்பது இப்போதைய மதிப்பீடு. அது அப்படியே நடந்தால் இந்த மூன்று மாகாணங்கள் மட்டும் 270-க்குப் போதாது. அப்போது 226, 219, 93 மூன்றையும் அழித்துவிட்டுக் கழித்தலைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.